தஞ்சையைச் சுற்றிக் காட்டத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

புரட்டாசியில் ஒரு சனி ஞாயிறு என் கல்லூரி விடுதித் தோழிகள் தஞ்சாவூர் வந்து போனார்கள். கோயமுத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு, நாகர்கோவிலிலிருந்து ஒருத்தி தனியாக. ஊருக்குத் திரும்பியும் போனில் அதே பேச்சுதான். "உங்க ஊரை எவ்வளவு நல்லா சுத்திக் காட்டின!" என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டியது உங்களிடம். நேரில் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், நாலு பேர் அறிய எழுதினால்தான் மனசு ஆறும். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் வேன் அண்ணனுக்கு. இரண்டு நாளைக்கும் முன்பணம் கட்டிப் பேசி வைத்திருந்த வண்டி வராது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தகவல் வந்தது. காரணம்கூடச் சொல்லவில்லை. விடிந்தால் ரயிலில் வந்து இறங்கப் போகிறார்கள். கோயமுத்தூர்த் தோழியின் அம்மாவுக்கு முழங்கால் வலி, பேருந்து ஏறி இறங்க முடியாது. அண்ணனுக்குப் போன் போட்டேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர், அவருக்குக் கிடைப்பதே அந்த இரண்டு நாள் ஓய்வுதான். "எத்தனை மணிக்கு ரயில்?" என்று மட்டும் கேட்டார். காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால் வண்டியைக் கழுவி, முன் சீட்டில் ஒரு தலையணை போட்டு வைத்திருந்தார். கூடவே ஏறுவதற்குத் தோதாக ஒரு மர முக்காலி. அந்த முக்காலி எங்களோடு எல்லா ஊருக்கும் வந்தது.

எதிர்வீட்டு மாமிக்கும் நன்றி. மாடி அறையையும் புது மெத்தைகளையும் கொடுத்தது மட்டும் இல்லை, வந்த பிள்ளைகளைத் தன் பேரப்பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான்.

அப்புறம் பெரிய கோயில். இங்கே கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதுவேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஐயா, காலை ஆறரைக்கே கேரளாந்தகன் வாயிலில் வந்து நின்றார். வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது, அதுவும் வயசான அம்மா வருகிறார்கள் என்பதற்காக. கோயிலைக் காட்டுகிறவர்கள் வழக்கமாக உயரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்: 216 அடி விமானம், ஒரே கல்லில் நந்தி என்று. ஐயா எங்களைக் கீழே குனிய வைத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் எழுத்து வரிசைக்குப் பக்கத்தில், கல்லில் படாமல் விரலை நகர்த்திக்கொண்டே வாசித்தார். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று இராஜராஜன் சொன்ன இடம் அது. அக்கன் என்றால் அவருடைய அக்கா குந்தவை. 1010இல் கட்டி முடித்த கோயிலில், தன் கொடையோடு சேர்த்து மற்றவர்கள் கொடுத்ததையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து திருச்சுற்றுச் சுவர்ப் பக்கம் கூட்டிப் போனார். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடல் பாடல் பணி செய்தவர்கள்) பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், இங்கே எந்தத் தெருவில் எந்த வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு, எல்லாம் கல்லில் இருக்கிறது. அதே பட்டியலில் குடை பிடிக்கிறவர், குயவர், துணி வெளுப்பவர், கணக்கு எழுதுகிறவர், தையற்காரர் வரைக்கும் வருகிறார்கள். திருப்பூர்த் தோழி தையல் யூனிட் நடத்துகிறாள். தையற்காரர் என்று கேட்டதும், "எங்காளுங்க பேரும் இருக்கா ஐயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அந்தச் சுவர் முன்னாலேயே நின்றாள். அவளோடு நானும் நின்றேன். எனக்கும் அது அன்றைக்குத்தான் புதுசு.

கோபுர நிழல் தரையில் விழாது என்று கேள்விப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு ஐயா ஒன்றும் விளக்கவில்லை. விமானத்துக்கு மேற்கே கூட்டிப் போய்ப் புல்தரையில் நீண்டு கிடந்த நிழலில் உட்கார வைத்துக் கடலை மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான். ஐயா, இந்த வயசில் மூன்று மணி நேரம் எங்களோடு நடந்தீர்கள். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் அரண்மனைக் கலைக்கூடம். அங்கே பணியில் இருந்த அக்காவுக்குத் தனியாக நன்றி. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளை வாகனச் சிவன், அங்கே இருக்கிறார். 1011ஐ ஒட்டி வார்த்த செப்புத் திருமேனி. பாம்பைச் சுற்றித் தலைப்பாகை கட்டின மாதிரி சடை, ஒரு காலை மாற்றி வைத்துச் சாய்ந்து நிற்கும் நிலை. சாய்ந்துகொள்ள வேண்டிய காளைதான் கூட இல்லை. கை அந்தரத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தோழியின் அம்மா நகரவே மாட்டேன் என்றார். "மாடு இல்லாமலே மாட்டு மேல கை வச்ச மாதிரியே நிக்கறாரே கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிற்க முடியாமல் கால் மாற்றுவதைப் பார்த்து, அந்த அக்கா தன் நாற்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டார். "நிதானமா பாருங்கம்மா, அவசரமில்ல" என்றார். அரை மணி நேரம் இருக்கும். அம்மா அந்தச் சிலையைப் பற்றி இன்னமும் போனில் பேசுகிறார்.

சரஸ்வதி மகாலும் சிவகங்கைப் பூங்காவும் போனோம். பிள்ளைகள் களைத்துவிட்டதால் சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குக் கடப்பா வேண்டும் என்று கீழவாசல் மெஸ் அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டதும் சேர்ந்த அந்த வாசனையை நம் பக்கத்தை விட்டு வெளியே போனால் யாருக்கும் விளக்க முடியாது. எங்களுக்காக நாலு மணிக்கே அடுப்பு மூட்டினீர்கள் அக்கா. நாகர்கோவில்காரி கைப்பக்குவத்தை எழுதிக்கொண்டு போயிருக்கிறாள், வந்த விதம் பற்றி உங்களுக்கே போன் செய்வாள்.

திருவையாறு போகும் வழியில் வேன் அண்ணன் ஒவ்வொரு பாலத்திலும் வண்டியை மெதுவாக்கினார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணினார்கள். கல்லணையில் காவிரி எப்படிப் பிரிகிறது, வெண்ணாற்றிலிருந்து வடவாறும் வெட்டாறும் எப்படிக் கிளம்புகின்றன, ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல்லுக்கு என்ன நிம்மதி என்று அவர் சொல்லிக்கொண்டே வந்ததைக் கேட்டு, "அண்ணா வாத்தியாரா?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லா ஆற்றிலும் தண்ணீர் ஓடியது. அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். யாருக்கு என்று காவிரிக்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அசோகா அல்வா வாங்கிக்கொண்டு கும்பகோணம் சாலையில் திரும்பினோம். ஒரு பக்கம் சம்பா நடவு, இன்னொரு பக்கம் குறுவை அறுவடை. சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல் என்பதால் வெயில் தெரிந்தாலே நெல் ரோட்டுக்கு வந்துவிடும். திடீரென்று மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஓர் அண்ணியும் அவர் மாமியாரும் மட்டும் பலகையை வைத்து நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளைகள் மூட்டைக்குக் காவலாகக் கொள்முதல் நிலையத்தில். வேன் அண்ணன் யாரையும் கேட்கவில்லை, வண்டியை ஓரம் கட்டினார். நாங்களும் இறங்கிவிட்டோம். கையால் அள்ளினோம், துப்பட்டாவால் கூட்டினோம். குவித்துப் படுதா போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்து முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. சுணை பட்டு எல்லோருக்கும் கை அரித்தது.

அந்த அண்ணி எங்களை அப்படியே அனுப்பவில்லை. பம்பு செட்டைப் போட்டுவிட்டுக் கை கால் கழுவச் சொன்னார். பிள்ளைகள் மழையோடு மழையாகத் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து, "உங்களால எங்க நெல்லு தப்பிச்சுது" என்று நீங்கள் சொன்னீர்கள் அண்ணி. திருப்பூரில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளைகள் அதுவரை நெல்லைக் கையால் தொட்டதே இல்லை. சோறு எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் கையில் கொடுத்துக் காட்டியவர் நீங்கள்தான். நன்றி சொல்ல வேண்டியது நாங்கள்.

இதனால் சுவாமிமலைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை மூடியிருக்க வேண்டிய நேரம். ஸ்தபதி அண்ணன் காத்திருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருட்டின மெழுகில் ஒரு சின்னப் பிள்ளையாரின் காது உருவாவதைப் பார்த்தோம். தென்னங்கீற்றைக் கிழித்து மடித்து மடித்தே முகம், மார்பு, இடுப்பு என்று சிலைக்குரிய தாள அளவு எடுத்துக் காட்டினார். ஸ்கேலைத் தொடவே இல்லை. மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். நகக்கண் அளவு வேலைப்பாடுகூட அந்த மண்ணில் பதியும் என்றார். சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் இறங்கும், பிறகு அச்சை உடைத்தாக வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். முதல் நாள் ரிஷபவாகனர் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "அவரையும் இப்படித்தானுங்க செஞ்சிருப்பாங்களா?" என்று கேட்டார். "இதே முறைதாம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த வண்டலில் ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தீர்கள். அந்த மண் இப்போது கோயமுத்தூரில் பூஜை அலமாரியில் இருக்கிறது.

தாராசுரத்துக்கு இருட்டுகிற நேரத்தில்தான் போக முடிந்தது. யானையும் காளையும் ஒரே தலையில் சேர்ந்திருக்கும் சிற்பத்தைச் செல்போன் வெளிச்சத்தில் காட்டிய காவலர் ஐயாவுக்கும், மறுநாள் பள்ளிக்கூட வண்டி ஓட்ட வேண்டியிருந்தும் முகம் சுளிக்காமல் ராத்திரி ரயில் வரைக்கும் நின்ற வேன் அண்ணனுக்கும், ஸ்டேஷன் வாசலில் மரிக்கொழுந்தும் மருவும் சேர்த்துக் கட்டின கதம்பத்தை ஆளுக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டு, "ஊருக்குப் போற பொண்ணுங்ககிட்ட காசு எதுக்கு" என்று திருப்பிக் கொடுத்த பூக்கார அம்மாவுக்கும் என் வணக்கம்.

படங்களைப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன். அண்ணி, உங்கள் வயல் எந்த மதகுக்குப் பக்கம் என்று வேன் அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். தை அறுவடைக்குப் பிள்ளைகள் மறுபடி வருகிறார்களாம், அரிவாள் பிடிக்கக் கற்றுத்தர வேண்டுமாம். ஐயா, திருப்பூர்த் தோழி அந்தத் தையற்காரர் கல்வெட்டு வரியை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்கிறாள், யூனிட்டில் மாட்டி வைக்க. முடிந்தபோது எழுதிக் கொடுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்போடும் நன்றியோடும்,
மேல வீதியிலிருந்து உங்கள் வீட்டுப் பெண்