இறங்கும் வழியில் ஓர் ஏற்றம்

அன்புள்ள கயல்,

வருகிற வாரக் கடைசியில் நீயும் மாப்பிள்ளையும் சுவிட்சர்லாந்தின் குரோசே ஷைடெக் கணவாயிலிருந்து மைரிங்கன் ஊர் வரை நடந்தே இறங்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். நேரம் இழுக்குமே, ரோசன்லாவி மலையிடுக்கை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேறு எதை வேண்டுமானாலும் விடு, அதை மட்டும் விடாதே.

போன கோடையில் உன் வீட்டில் இருந்தபோது, நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் நாங்கள் நடந்த வழி அது. கிரிண்டல்வால்ட் ஊரிலிருந்து வரும் பஸ் 1,962 மீட்டர் உயரத்தில் கணவாயில் இறக்கிவிடும். அந்தச் சாலையில் பொதுமக்களின் கார்களுக்கு அனுமதி இல்லை என்பதால், பஸ் போன பிறகு மாடுகளின் கழுத்து மணியும் காற்றும்தான் கேட்கும். வலப்பக்கம் வெட்டர்ஹார்ன் சிகரத்தின் பாறைச்சுவர் தலைக்கு மேல் நிற்கும். அங்கே கொஞ்சம் உட்காருங்கள். பிறகு மஞ்சள் வழிகாட்டிப் பலகையைப் பார்த்து இறங்கத் தொடங்கலாம். அந்தப் பலகைகள் கிலோமீட்டரைச் சொல்வதில்லை, நடக்கும் நேரத்தையே சொல்கின்றன. ரோசன்லாவிக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். உங்கள் வயதில் அதைவிடக் குறைவாகவும் ஆகலாம். ஆனால் வேகம் வேண்டாம்.

இறக்கம்தானே என்று மாப்பிள்ளை சொல்வார். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும் என்று அவரிடம் சொல். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தசைவலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போதுதான் தெரியும். குட்டை அடியாக வையுங்கள், முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். ஷூவின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்கி விரல் நகம் நசுங்காது. கையில் நடைக்கோல் இருந்தால் இன்னும் நல்லது.

நடுவில் ஷ்வார்ட்ஸ்வால்ட் ஆல்ப் என்ற இடத்தில் தண்ணீரால் ஓடும் பழைய மரமறுப்பு ஆலை ஒன்று இருக்கிறது. அப்பாவை அங்கிருந்து நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது.

இனி இடுக்குக்கு வருகிறேன். அது ரோசன்லாவியில், 1,328 மீட்டர் உயரத்தில், பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்வாசல் வழியாக நுழைந்து மேலே ஏற வேண்டும், ஒருவழிப் பாதை. மேலே வெளியே வந்து காட்டுப்பாதையில் திரும்பி இறங்கலாம். எல்லாம் சேர்த்து சுமார் முக்கால் மணி நேரம். காலையிலிருந்து இறங்கியே வந்த காலுக்கு அந்த ஏற்றம் ஓர் ஓய்வு. இத்தனை நேரம் அதிகம் உழைக்காத தசைகள் வேலை செய்கின்றன, தொடையின் முன்தசைக்கு நீண்டுகொண்டே தாங்கும் வேலை குறைகிறது. எனக்கு முழங்கால் வலி விட்டதே அங்கேதான்.

உள்ளே போனதும் குளிர் முகத்தில் அறையும். பாறையைக் குடைந்து, சில இடங்களில் சுரங்கமாகவே வெட்டிய நடைபாதை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அதில் நடக்கிறார்கள். கைப்பிடிக்கம்பி எப்போதும் ஈரமாக இருக்கும். கீழே வெண்சாம்பல் நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. அழுக்கு என்று நினைத்துவிடாதே. மேலே பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, பாறையின்மீது அரைபட்டு நகரும்போது உண்டாகும் மிக நுண்ணிய கல்தூள் அது. அகலமான பள்ளத்தாக்கைச் சுரண்டியது பனிக்கட்டி. இந்த ஒடுங்கிய பிளவை அறுத்ததோ அதன் உருகுநீரும் அது சுமந்துவந்த மணலும் கல்லும். சுண்ணாம்புப் பாறைச் சுவரில் ஆட்டுக்கல் குழி போல வழவழவென்று உருண்ட குழிகள் இருக்கும். சுழலில் அகப்பட்ட கற்கள் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். பேச நினைத்தாலும் நீரின் இரைச்சலில் கேட்காது. நானும் அப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

போவதற்கு முன் ஒரு காரியம் செய். ஜான் பிரெட் என்ற ஆங்கில ஓவியர் 1856-இல் வரைந்த ரோசன்லாவி பனியாற்று ஓவியத்தைத் தேடிப் பார். லண்டனில் டேட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. முன்னால் கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக, கோடு கோடாக வரைந்திருக்கிறார், பின்னால் பனிக்கட்டி எழுகிறது. அந்தக் காலத்தில் பனியாறு மலையில் வெகு கீழே வரை வந்திருந்தது. இப்போது உயரே பாறைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. எனக்கு அது நெஞ்சை அடைத்தது. வெட்டிய கருவி சுருங்கிக்கொண்டே போகிறது, வெட்டுத்தடம் நம் கண் முன்னால் இருக்கிறது. பனியாற்றையும் தடத்தையும் ஒரே நாளில் பார்க்க முடிகிற காலத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இடுக்கைத் தாண்டிக் குஷ்வாந்தன்மாட் புல்வெளியில் திரும்பிப் பாருங்கள். வெல்ஹார்ன் சிகரம், பனியாறு, வெட்டர்ஹார்ன் மூன்றும் ஒன்றாகத் தெரியும். அதன்பின் காடு. கடைசியில் ரைஷன்பாக் அருவி. மேலருவி மட்டுமே ஏறத்தாழ 120 மீட்டர். மைரிங்கன் 595 மீட்டரில் இருக்கிறது, ஆக மொத்த இறக்கம் 1,350 மீட்டருக்கு மேல். முழுவதையும் நடந்தே தீர வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். ரோசன்லாவியிலும் வழியில் மற்ற இடங்களிலும் பஸ் நிற்கும், மாப்பிள்ளையின் முகம் வாடினால் ஏறிவிடுங்கள். கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவை.

இடுக்குக்குள் போட்டுக்கொள்ள மெல்லிய மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை, தண்ணீர் இருக்கட்டும். மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, போனில் பதிந்துவை. ஞாயிற்றுக்கிழமை இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு, அப்பாவும் நானும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அம்மா