எல் மிராதோர் நடைப்பயணத்தில் ஒரு நாளைக் குறைத்தது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: குவாத்தமாலா சிக்கனச் சாகசப் பயணம், செப்டம்பர் குழு – சொன்னபடி நடத்தாதது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த செப்டம்பரில் நீங்கள் குவாத்தமாலாவுக்கு அனுப்பிய ஏழு பேர் குழுவில் நானும் ஒருத்தி. அரசுப் பள்ளியில் 26 வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். விமான டிக்கெட் போக, தரைச் செலவுக்கு மட்டும் உங்களிடம் 62,000 ரூபாய் கட்டினேன். காட்டுக்குள் புதைந்து கிடக்கும் பழைய மாயா நகரமான எல் மிராதோரை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சேர்த்து வைத்த பணம் அது.

சிக்கனப் பயணம் என்று தெரிந்துதான் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரஸ் ஊரில் எட்டுப் பேர் படுக்கும் அறை, பொதுக் குளியலறை, கார்மெலிதா கிராமம் வரைக்கும் குலுங்கிக் குலுங்கிப் போன பழைய பேருந்து, மூன்று வேளையும் சோள ரொட்டியும் கறுப்பு பீன்ஸும், இவை எதைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. அந்த விலைக்கு அதுதான் கிடைக்கும். நீங்கள் கை வைத்தது வேறு இடத்தில்.

உங்கள் பயணத் திட்டத்தில் ஐந்து நாள் நடை என்று போட்டிருந்தது. முதல் நாள் கார்மெலிதாவிலிருந்து வழியில் இருக்கும் எல் தின்தால் முகாம், இரண்டாம் நாள் எல் மிராதோர், மூன்றாம் நாள் முழுக்க அங்கேயே, பிறகு இரண்டு நாளில் திரும்புவது. போக சுமார் 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். இத்தனை தூரம் நடப்பதே அந்த மூன்றாம் நாளுக்காகத்தான். கார்மெலிதாவில் வழிகாட்டியிடம் அதைச் சொன்னபோது அவர் முழித்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டி, நான்கு விரலை விரித்தார். நீங்கள் அவர்களுக்குக் கட்டியிருந்தது நான்கு நாளுக்குத்தான்.

அங்கே காலை ஏழு மணி, சென்னையில் மாலை ஆறரை. வைஃபை இருந்த ஒரு கடையில் நின்று உங்கள் அவசர எண்ணுக்கு ஒன்பது தடவை கூப்பிட்டோம். யாரும் எடுக்கவில்லை. கூடுதல் நாளுக்கான பணத்தை நாங்களே தருகிறோம் என்றோம். உணவும் தண்ணீரும் நான்கு நாளுக்குத்தான் கட்டியிருக்கிறது, கழுதைகளுக்கும் அடுத்த குழு காத்திருக்கிறது என்று வழிகாட்டி வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

அப்புறம், பருவம். மிராதோர் இருக்கும் பெத்தேன் காட்டில் ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். நடக்க ஏற்ற மாதங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை. இதை நீங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. ‘பசுமைப் பருவச் சலுகை’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அந்தப் பாதையில் ‘பாஹோ’ என்று சொல்லும் தாழ்வான சதுப்பு நிலங்கள் வரும். மழையில் அவை கறுப்புக் களிமண் குழம்பாகிவிடும். முழங்கால் வரை கால் இறங்கும். இழுத்தால் கால் வரும், பூட்ஸ் வராது. முதல் நாள் பத்து மணி நேரம் அப்படித்தான் நடந்தோம். சேறு வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் ரப்பர் பூட்ஸ் வாங்கியிருப்போம், இல்லையென்றால் மார்ச் குழுவில் சேர்ந்திருப்போம்.

சேற்றைவிடப் பெரிய தவறு கோவேறு கழுதைகள் விஷயத்தில் நடந்தது. கூடாரம், அரிசி, பாத்திரம், குடிதண்ணீர் எல்லாம் அவற்றின் முதுகில்தான் போக வேண்டும். வழியில் ஆறு கிடையாது, கடை கிடையாது. யாருக்காவது முடியாமல் போனால் ஏற்றிக்கொண்டு வர ஒரு கழுதையைச் சும்மா கூட்டிப்போவதுதான் வழக்கம் என்று கிராமத்தில் சொன்னார்கள். உங்கள் திட்டத்திலும் ‘அவசரத்துக்கு ஒரு சவாரிக் கழுதை, செயற்கைக்கோள் தொலைபேசி’ என்று இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட எங்கள் கூட்டத்துக்கு வந்தவை இரண்டே கழுதைகள், இரண்டும் பாரம் சுமக்க. தொலைபேசி வரவே இல்லை.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு ஒரு கழுதை சேற்றில் முன்னங்கால் மடங்கி விழுந்தது. எழ முடியாமல் கழுத்தை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. கழுதைக்காரர் மண்டியிட்டு, கத்தியால் கயிறுகளை அறுத்துத் தண்ணீர்க் கேன்களை இறக்கினார். பிறகு அதன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஆயிற்று அது எழுந்து நிற்க. அதற்கு மேல் அதன் முதுகில் அவர் எதையும் ஏற்றவில்லை. இரண்டு கேன்களைத் தானே சுமந்தார், மீதியை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். அதிகமாக ஏற்றியதால் வந்த வினை இது. அந்த விலங்கு அவருடைய பிழைப்பு.

அன்று பிற்பகல் எங்களில் ஒரு பெண்ணுக்கு வெயிலும் புழுக்கமும் தாங்காமல் வாந்தி வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. ஏற்றிச் செல்ல கழுதை இல்லை, யாரையும் கூப்பிட வழி இல்லை. வழிகாட்டி தன் பங்குத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்தார். அவள் பிழைத்து வந்ததற்கு அவர்தான் காரணம், உங்கள் ஏற்பாடு அல்ல. காப்பீடு இருப்பதாகச் சொன்னீர்கள். பாலிசி எண்ணை மூன்று முறை கேட்டும் இன்றுவரை வரவில்லை.

மிராதோர் முகாமுக்குள் நுழையும்போது மாலை ஐந்து மணி, நல்ல மழை. மறுநாள் விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் லா தாந்தா பிரமிடுக்கு நடந்தோம். சுமார் 72 மீட்டர் உயரம். இரும்புக் கருவி இல்லை, சக்கர வண்டி இல்லை, பாரம் இழுக்க விலங்கு இல்லை, அப்படிக் கட்டியது. இன்னொரு மாயா நகரமான திகாலில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற பெரிய கோயில்கள் எழுவதற்கு 600 வருடங்களுக்கும் முந்தியது. உச்சியில் நின்றபோது மேகம்தான் தெரிந்தது. விலகும் என்று வழிகாட்டி சொன்னார். ஆனால் ஏழு மணிக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்தால்தான் இருட்டுமுன் தின்தாலை எட்ட முடியும். இருபது நிமிடத்தில் இறங்கினோம்.

அங்கேயே இருக்கும், 55 மீட்டர் உயரமுள்ள எல் தீக்ரே பிரமிடை நான் பார்க்கவில்லை. 2009இல் தோண்டி எடுத்த, நீந்தும் உருவங்கள் உள்ள சுண்ணச் சுவர்ச் சிற்பத்தையும் பார்க்கவில்லை. அதன் படத்தை அச்செடுத்து என் வகுப்பறைச் சுவரில் பல வருடம் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் முகாமிலிருந்து அது நடந்து போகிற தூரம்தான். அதைப் பார்க்காமல் திரும்பியதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

உங்கள் விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிராதோர் என்று தலைப்புப் போட்டு, கீழே நீங்கள் அச்சிட்டிருப்பது மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் இருக்கும் சிச்சென் இட்சா பிரமிடின் படம். பச்சைப் புல்வெளி நடுவே சுத்தமான படிகள். மிராதோரில் பெரும்பாலான கட்டடங்கள் இன்னும் மரமும் வேரும் மூடிய மேடுகள். அந்த மேடுகளைப் பார்க்கத்தான் நான் போனேன், ஆனால் எங்கள் குழுவில் இரண்டு இளைஞர்கள் உங்கள் படத்தை நம்பி வந்தவர்கள். அடுத்த பக்கத்தில் ‘மர்மமாக மறைந்துபோன மாயா இனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கைவிடப்பட்டது நகரம், மக்கள் அல்ல. 2018 கணக்கெடுப்பின்படி குவாத்தமாலா மக்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களை மாயர்கள் என்று பதிந்திருக்கிறார்கள். இருபதுக்கும் அதிகமான மாயா மொழிகள் அங்கே பேச்சில் இருக்கின்றன. எங்களுக்கு விறகடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுத்த அம்மாள் கெக்சி என்ற மாயா மொழி பேசுபவர். அவர் கையால் சாப்பிட்டுவிட்டு, அவருடைய இனம் மறைந்துவிட்டது என்று அச்சடித்த காகிதத்தை மடியில் வைத்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் எங்களை நடத்திய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. களைத்துப்போன நேரத்திலும் வழிகாட்டி நின்று, பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்த ஒரு மரத்தைக் காட்டினார். அவருடைய தாத்தா சூயிங்கத்துக்குப் பால் இறக்கிய மரமாம். இலையை உற்றுப் பார்த்தால் நம் ஊர்ச் சப்போட்டா! அதன் தாயகம் அந்தப் பக்கம்தான் என்று படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றுதான். பணத்துக்கு எனக்குக் கிடைத்தது இந்த மாதிரி நிமிடங்கள்தான். அவற்றைத் தந்தது அவர்கள்.

ஆகவே நான் கேட்பது இது. நடத்தாத ஒரு நாளுக்கும், வராத சவாரிக் கழுதைக்கும், தொலைபேசிக்கும், நுழைவுக் கட்டணம் சேர்த்தி என்று சொல்லிவிட்டு திகால் வாசலில் எங்கள் கையிலிருந்து கட்ட வைத்த 150 கெட்சாலுக்கும் (அந்த நாட்டுப் பணம்) சேர்த்து 24,000 ரூபாயை எனக்குத் திருப்பித் தர வேண்டும். காயம்பட்ட கழுதைக்கான மருத்துவச் செலவையும், அது வேலைக்குப் போகாத நாள்களின் கூலியையும் உங்கள் உள்ளூர் முகவர் மூலம் கழுதைக்காரரிடம் சேர்த்து, அதற்கான ரசீதை எங்கள் ஏழு பேருக்கும் அனுப்ப வேண்டும். என் பணம் தாமதமானாலும் பரவாயில்லை, அவருடையது முதலில் போகட்டும். படத்தையும் அந்த வரியையும் விளம்பரத்திலிருந்து எடுங்கள். செப்டம்பர் குழு என்றால் சேறும் மழையும் எப்படி இருக்கும் என்று பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. மற்ற ஆறு பேரும் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செப்டம்பர் குழுப் பயணி

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, உங்கள் ஐந்து நாள் பயணத் திட்டம், கார்மெலிதாவில் வழிகாட்டி காட்டிய நான்கு நாள் காகிதத்தின் படம், திகால் நுழைவுச் சீட்டு, காயம்பட்ட கழுதையின் படங்கள் இரண்டு.