உரியாவைப் பற்றி ஒரு கேள்வி

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, அதிகம் படிக்காதே என்று சொல்லியிருந்தார்கள். பதில் தாமதமானதற்கு அதையே காரணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிக் காரணம்தான். நீ கேட்டிருந்ததற்கு நேர்மையாகப் பதில் எழுத வேண்டுமென்றால், என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றை எழுத வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் பிடித்தது.

முதலில் மற்ற செய்திகள். நீ மறுபடி படியேற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருத்துவர் சொன்ன பயிற்சியை வலிக்கிறது என்று விட்டுவிடாதே. நம் வயதில் விட்டது விட்டதுதான். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் வேலை மாறியிருக்கிறாள். என் கண்ணும் பரவாயில்லை. சுவர் இவ்வளவு வெள்ளையா என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இளமையில் ஒரு பிரசங்கம் கேட்டாலே முழங்காலில் விழுந்து அழுத நீ, இப்போது பாவ அறிக்கை சொல்லும்போது வாய் மட்டும்தான் அசைகிறது என்று எழுதியிருக்கிறாய். கண்ணீர் வற்றிவிட்டது, என் மனந்திரும்புதல் உண்மைதானா என்று கேட்கிறாய்.

எனக்குக் கண்ணீர் வற்றவே இல்லை. அதுதான் என் கதை.

போன ஆண்டு சபையில் ஒரு சிறு வேதபாடக் குழுவை நடத்தச் சொன்னார்கள். தாவீது ராஜாவின் பாவ அறிக்கையான 51ஆம் சங்கீதத்தை எடுத்தேன். ‘சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்’ என்ற வசனத்தில் ‘சிருஷ்டி’ என்பதற்கு எபிரெயத்தில் வரும் வினைச்சொல்தான் ஆதியாகமத்தின் முதல் வசனத்திலும் வருகிறது, ஆகவே தாவீது பழைய இருதயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லவில்லை, இல்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்கச் சொல்கிறான் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “ஐயா, நாலாம் வசனத்தில் ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்று இருக்கிறதே. ஒருவருக்கேயா? அப்போது உரியா?”

தாவீது உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாகும்படி அனுப்பிய கதைதான் உனக்குத் தெரியுமே. வழக்கமான பதிலைச் சொன்னேன். எல்லாப் பாவமும் கடைசியில் தேவனுக்கு விரோதமானதே என்று. அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பதில் கிடைத்த மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்து மறுபடி தேடினேன். 2 சாமுவேல் 23இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் இருக்கிறதே, அதில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாறு வருகிறது. பத்சேபாளின் பெயரே அதில் இல்லை. ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’ என்றுதான் இருக்கிறது. தாவீது மன்னிக்கப்பட்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து எழுதிய பட்டியலில்கூட அந்த மனிதனின் பெயரை வேதம் விடவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்கும் ஓர் உரியா உண்டு. தாவீதின் உரியா செத்துப்போனான், என்னுடையவர் உயிரோடு இருக்கிறார்.

22 வருடத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்குக் கீழே ஓர் இளைஞர் இருந்தார். வருடக் கடைசிக் கணக்கை அவர்தான் தயாரித்தார், நான்தான் கையெழுத்திட வேண்டும். முந்தின நாள் மாலை என் மேசைக்கு வந்து, ஒரு தொகை தவறான பத்தியில் ஏறியிருக்கிறது, சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்றார். கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். “பிறகு பார்க்கலாம்” என்றேன். பார்க்கவில்லை. காலையில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். தணிக்கையில் அது மாட்டிக்கொண்டது. விசாரித்தவர்களிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்: “அவர் தயாரித்தது, நான் நம்பிக் கையெழுத்திட்டேன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனி. முந்தின நாள் மாலை நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அவருக்குக் குறிப்பாணை போனது, வரவேண்டிய பதவி உயர்வு நின்றது, ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போது என்னிடம் விடைபெற்றுக்கொண்டுதான் போனார்.

இதற்காக நான் அழுதிருக்கிறேன். பொய்யாக அழவில்லை. உபவாச ஜெபங்களில், திருவிருந்துக்கு முன்னால், எத்தனையோ முறை. ஆண்டவரே மன்னியும் என்று கேட்பேன், மனம் இலேசாகும், எழுந்து வருவேன். அடுத்த முறை மறுபடி அழுவேன். அந்த இலேசையே மனந்திரும்புதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அவரிடம் போகாமல் இருப்பதற்கு அந்த அழுகைதான் எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மனப்பாடமாகத் தெரிந்த வசனம். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். அயலானை வஞ்சித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும்; குற்றநிவாரண பலி அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். ஆடு திருடியவனுக்கு யாத்திராகமம் விதித்த அளவு அது. தன்னைத் திருடன் என்று அவனே தீர்த்துக்கொண்டான். இதையெல்லாம் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன், கேட்டாயா!

அவருடைய எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. 22 வருடம் கண்டுபிடிக்க முடியாமல் இருந்த எண்.

பேசுவதற்கு முன்னால், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். பக்கம் நிறைந்தது. படித்துப் பார்த்தால், அந்த வாரம் வீட்டில் இருந்த நெருக்கடி, மேலதிகாரியின் குணம், எனக்கிருந்த வேலைப் பளு என்று எல்லாம் இருந்தது. கட்டளையை மீறிச் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் மாட்டிக்கொண்ட சவுல் ராஜா எனக்கு நினைவுக்கு வந்தான். அவனும் “பாவஞ்செய்தேன்” என்றுதான் சொன்னான். உடனே, ஜனங்களுக்குப் பயந்தேன் என்றான். கொஞ்ச நேரத்தில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்டான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து நின்று கண்டித்தபோது தாவீது சொன்னதும் பாவஞ்செய்தேன் என்பதுதான். எபிரெயத்தில் இரண்டே சொற்கள், பின்னால் ஒன்றும் ஒட்டவில்லை. நான் வரிகளை அடிக்க அடிக்க என் தாளில் நான்கு வரி மிஞ்சியது. அந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்வதற்குள் நெஞ்சு அடைத்துவிட்டது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன்: “அதெல்லாம் பழைய கதை சார், விடுங்கள்” என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இதை என்னிடம் சொன்னால் போதுமா? அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்களே, அவர்களுக்கு நான் இன்னும் கவனக்குறைவான ஆள்தானே” என்றார்.

நண்பா, அந்தக் கேள்விக்கு முன்னால் என் இத்தனை வருட ஜெபமும் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தது என்று எழுதத் தெரியவில்லை. சொல்கிறேன் என்றேன். இருவரிடம் சொல்லிவிட்டேன். ஒருவருக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. இன்னொருவர் கேட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பண்டிகை வாழ்த்துக்குக்கூடப் பதில் வரவில்லை. அவர் மேல் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

ஜான் நியூட்டனைப் பற்றி நாம் ஒருமுறை விடியவிடியப் பேசினோமே, நினைவிருக்கிறதா? 1748இல் நடுக்கடல் புயலில் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டவர். நாம் அன்று அந்தப் புயலைப் பற்றியே பேசினோம். அதற்குப் பிறகும் அவர் அடிமைகளை ஏற்றிய கப்பல்களுக்குத் தலைவராகப் போனார். 1754இல் கடல் வாழ்க்கையை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான். 1764இல் குருவானார். அந்த வியாபாரத்தில் தன் பங்கை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு அதற்கு எதிராக எழுதியது 1788இல். புயலிலிருந்து கணக்கிட்டால் நாற்பது வருடம்! முன்பு இதைப் படித்தபோது அவர் மேல் கோபம் வந்தது. இப்போது பயம் வருகிறது. ஒரு மனிதன் உண்மையாகவே ஜெபித்துக்கொண்டும் பிரசங்கித்துக்கொண்டும், உள்ளே ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்க முடிகிறது. ஆவியானவர் ஒவ்வோர் அறையாகத்தான் தட்டிக்கொண்டு வருகிறார் போலும். நியூட்டன் கடைசியில் திறந்தார்.

அதனால் உன் கண்ணீரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் துக்கம் இருந்தது. நம் வேதாகமம் அவன் ‘மனஸ்தாபப்பட்டு’ முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தான் என்கிறது. பணத்தைத் திருப்பினான், குற்றத்தைக்கூட ஒத்துக்கொண்டான், ஆனால் யாரிடத்தில் திரும்ப வேண்டுமோ அவரிடத்தில் திரும்பவில்லை. அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தைப் பார்: ‘கர்த்தர் திரும்பி’ பேதுருவை நோக்கிப்பார்த்தார். முதலில் திரும்பியது அவர்! இந்த ஒரு சொல் என்னை எத்தனை நாள் தாங்கியது என்று உனக்கு நேரில்தான் சொல்ல வேண்டும்.

நீ மகனிடம் திரும்பத் திரும்பக் கோபப்படுவதைப் பற்றியும் எழுதியிருந்தாய். ஒரே பாவத்தை எத்தனை முறை அறிக்கையிடுவது என்று வெட்கமாக இருக்கிறது என்கிறாய். ஒரே நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்று சொன்னால் ஏழுதரமும் மன்னி என்று நமக்குச் சொன்னவர், தாம் அதைவிடக் குறைவாகவா செய்வார்? ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ஆண்டவரிடம் இத்தனை முறை சொன்னாயே, மகனிடம் ஒருமுறையாவது சொன்னாயா? “அன்றைக்கு நான் கத்தியது தப்பு” என்று, “நீயும்தான்” என்று சேர்க்காமல்?

இதையெல்லாம் செய்துவிட்டுப் புது மனிதன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு வித்தியாசம் தெரிகிறது. போன மாதம் சபைக் குழுக் கூட்டத்தில் ஒரு ரசீதைக் காணோம் என்று பேச்சு வந்தது. வைத்திருந்தது நான். “அதை அன்றைக்கே செயலாளரிடம் பேசினேனே” என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேசியது உண்மை. ரசீதைக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. முன்பெல்லாம் அந்த வாக்கியம் வந்ததே எனக்குத் தெரியாது, வெளியே போன பிறகும் தெரியாது. இந்த முறை அது வருவது தெரிந்தது. “தொலைத்தது நான்தான்” என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் கை நடுங்கியது.

அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் என் பழைய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முழுக் கதையையும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொன்னேன். “நான் சும்மாதான் கேட்டேன் ஐயா” என்றாள்.

மூன்றாமவர் அன்று எங்கள் மேலதிகாரி. ஓய்வுபெற்று வெகுகாலமாகிறது. இன்றுவரை என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்கிறாராம். அதனால்தான் அவரைக் கடைசியில் வைத்தேன் என்று நினைக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். நான்கு வரித் தாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்காக ஜெபித்துக்கொள்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்