எலிப்பத்தாயமும் உள்ளுறையும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மிக்க மகிழ்ச்சி. கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குத் திரை மறுபடியும் தெளிவாகத் தெரிகிறது. அதனால் நீ கேட்டிருந்ததற்கு ஒரு படத்தை மீண்டும் பார்த்துவிட்டே பதில் எழுதுகிறேன்.

தொலைக்காட்சித் தொடரில் குங்குமச் சிமிழ் கவிழ்ந்தாலோ விளக்கு அணைந்தாலோ சாவு வரப்போகிறது என்று உடனே விளங்கிவிடுகிறது, ஆனால் மனம் ஏன் அசைவதில்லை என்று கேட்டிருந்தாய். அந்த விளக்கு எந்தக் கதையிலும் அணையலாம் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் 1981-இல் எடுத்த ‘எலிப்பத்தாயம்’ (எலிப்பொறி) படத்தின் எலி அப்படி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. நொடித்துவரும் ஒரு கேரளத் தறவாட்டின், அதாவது நிலவுடைமைக் கூட்டுக்குடும்பத்தின், பழைய வீட்டில் எலி இருப்பது இயல்பு. பொறி வைப்பதும், அகப்பட்டதை வீட்டுத் தலைவனின் தங்கை ஸ்ரீதேவி பொறியோடு எடுத்துச் சென்று குளத்தில் அமிழ்த்துவதும் அங்கே வீட்டு வேலை, அவ்வளவுதான்.

பொருள் பிறகுதான் மெல்லச் சேர்கிறது. வீட்டுத் தலைவன் உண்ணி சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறான், மீசையைத் திருத்துகிறான். முற்றத்தில் மாடு புகுந்தால்கூடத் தான் எழுந்து விரட்டாமல் இன்னொரு சகோதரி ராஜம்மாவைக் கூப்பிடுகிறான். ஸ்ரீதேவி ஒருநாள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். எல்லாருக்கும் உழைத்து ஓய்ந்த ராஜம்மாவை நோயுற்ற நிலையில் வெளியே தூக்கிச் செல்கிறார்கள். அதன்பின் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கும் உண்ணியை, இரவில் சிலர் இழுத்துத் தூக்கிக்கொண்டுபோய் அதே குளத்தில் எறிகிறார்கள். குளத்துக்குச் செல்லும் வழி எலியின் மூலமாக நமக்கு ஏற்கெனவே பழக்கமாகிவிட்டதால், யாரும் எதையும் விளக்க வேண்டியிருப்பதில்லை. ஆனால் உண்ணி நடுங்கியபடி நீரிலிருந்து எழுகிறான். இந்த வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். உவமை முழுக்கப் பொருந்தியிருந்தால் அவன்மீது நமக்கு இரக்கம் பிறக்க வழியே இருந்திருக்காது.

சகோதரிகளின் உடைக்குத் தனித்தனி நிறம் தந்திருப்பதை, ராஜம்மாவுக்கு நீலம், ஸ்ரீதேவிக்குச் சிவப்பு என்பதை, விமர்சகர்கள் பெரிதாகப் பேசுவார்கள். அது அழகுதான், என்றாலும் அந்தப் பொறி அளவுக்கு அது என்னைத் தொடவில்லை.

கல்லூரியில் நாம் சேர்ந்து படித்த உள்ளுறை உவமம், சங்கப் பாடல்களில் ஒன்றைச் சொல்லி அதனுள் வேறொன்றை உணர்த்தும் அந்த முறை, உனக்கு நினைவிருக்கும். உள்ளுறைக்குக் கருப்பொருளை, அதாவது ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, பறவை, மரம் முதலியவற்றை, நிலைக்களனாகக் கொள்ளும் தொல்காப்பியம், அவற்றுள் தெய்வத்தை மட்டும் விலக்குகிறது. அந்த நிலத்தில் வாழும் விலங்கும் பறவையும் மரமும்தான் சொல்லாமல் விட்ட பொருளைச் சுமக்க வேண்டும். அந்த விலக்கின் நுட்பம் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. காற்றே இல்லாமல் தானாக அணையும் விளக்கில் ஒரு தெய்வம் வந்து முடிவை அறிவித்துவிடுகிறது, நாம் கண்டுபிடிக்க எதுவும் மீதமில்லை. ஸ்ரீதேவியின் கையிலுள்ள பொறியோ எதையும் அறிவிப்பதில்லை. தலைவனின் பரத்தைமையை நேரே சொல்லாமல், அவன் ஊர்ப் பொய்கையின் மீனையும் நண்டையும் மட்டும் சொல்லி நிறுத்தும் மருதத் திணைப் பாடல்களின் தோழியைப் போல, அடூரும் அங்கே நிறுத்திக்கொள்கிறார்.

நல்ல பிரதி கிடைத்தால் நீயும் பார். ராஜம்மாவைத் தூக்கிச் செல்லும் காட்சியிலேயே எலியின் நினைவு வருகிறது என்பது என் எண்ணம். இவள் என்றோ பொறிக்குள் அகப்பட்டவள், உண்ணியின் முறை பிறகுதான் வருகிறது. உனக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று எழுது.

அன்புடன்,
நடராஜன்