போட்டோவுல மாசத்தைப் போடுங்க: ரிவ்யூ ஆப் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் ஊரா இருக்கற இடங்களோட ரிவ்யூவையும், போயிட்டு வந்தவங்க எடுத்த போட்டோவையும் காட்டி எங்களைக் கிளப்பி விடுற கம்பெனிகளோட பெரியவங்களுக்கு,

வணக்கம்ங்க. எந்த ஆப்புன்னு பேர் சொல்லி எழுதல. சொன்னா ஒருத்தர் மேல இருக்கற கடுப்புன்னு ஆயிடும், இந்த விஷயத்துல நீங்க எல்லாருமே ஒண்ணுதான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஜனங்க போடற போட்டோவுக்குக் கீழ அது எந்த மாசம், எந்த வருஷம் எடுத்ததுன்னு போடுங்க. அவ்ளோதான்.

இப்ப என்ன போடறீங்க? "ஒரு வருஷம் முன்பு". சில சமயம் அதுவும் கிடையாது. ஒரு வருஷம் முன்னாடின்னா எந்த மாசம்ங்க? சித்திரையா, கார்த்திகையா? உங்க ஆபீஸ்ல ஏசி வருஷம் பூரா ஒரே மாதிரி ஓடும், எங்க ஊர் அருவி அப்படி ஓடாது.

மே மாச லீவுல அம்மாவைக் கூட்டிட்டு கொல்லிமலை போனோம். அங்க இருக்கற ஆகாய கங்கை அருவிக்கு உங்க ஆப்ல நாலுக்கு மேல ஸ்டார், முதல்ல வர்ற போட்டோ எல்லாம் முன்னூறு அடி உசரத்துல இருந்து தண்ணி வெள்ளையா கொட்டுற போட்டோ, கீழ நிக்கறவங்க மேல சாரல் தெறிக்கறதுகூட தெரியுது. அம்மா அந்தப் போட்டோவைப் பாத்துட்டுத்தான் "நானும் வாரேன்"னாங்க. அவங்களுக்கு முட்டி வலி, அதனாலயே ரிவ்யூ எல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். "சூப்பர் பிளேஸ்". "வேற லெவல்". "ஸ்டெப்ஸ் கொஞ்சம் இருக்கு, பட் வொர்த்". இன்னொருத்தர் "நாங்க அருவிக்குப் போகல, பார்க்கிங் நல்லா இருந்துச்சு"ன்னு எழுதி அஞ்சு ஸ்டார் குடுத்திருந்தாரு. அவரை எனக்குப் பிடிச்சிருந்தது, பார்த்ததை மட்டும் சொன்ன ஒரே ஆள்.

அந்த "கொஞ்சம்" ஆயிரத்துக்கும் மேல படிங்க. இறங்குறப்ப கஷ்டம் தெரியல. எதிர்ல மூச்சு வாங்கிட்டு ஏறி வர்றவங்ககிட்ட "இன்னும் எவ்ளோ தூரம்ங்க"ன்னு கேட்டா எல்லாரும் "கொஞ்சம்தாங்க, வந்துருச்சு"ன்னே சொன்னாங்க, உங்க ரிவ்யூவே உசுரு வந்து எதிர்ல ஏறி வர்ற மாதிரி இருந்துச்சு. கீழ போனா பாறைதான் பெருசா தெரியுது, ஓரத்துல சன்னமா தண்ணி வழியுது. அதுக்கு அடியில நிக்க நாலஞ்சு குடும்பம் முறை வெச்சு நின்னுட்டு இருந்தாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. கையை நனைச்சு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாங்க.

ஏறுறதுதான் கொடுமை. பத்துப் பதினஞ்சு படிக்கு ஒருக்கா உக்காந்துருவாங்க. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ரெண்டு உள்ளங்கையாலயும் முட்டியை அமுக்கிப் பிடிச்சுக்குவாங்க, "நீ முன்னாடி போ கண்ணு, நான் மெதுவா வாரேன்"பாங்க. நான் எங்க போறது? கைல இருந்த தண்ணி பாட்டில் பாதி வழியிலயே காலி. மேல வந்து சேந்தப்ப கோயில் பக்கம் அன்னாசிப்பழம் நறுக்கி வித்துட்டு இருந்த அக்கா அம்மாவைப் பாத்துட்டு, "இந்த வெயில்ல அருவில தண்ணி எங்கங்க இருக்கும், ஐப்பசி கார்த்திகைல மழை பேஞ்சதும் வாங்க, அப்பவும் இவங்களை இறக்காதீங்க"ன்னாங்க. ஒரு ஸ்டூலையும் எடுத்துப் போட்டாங்க. நூத்துக்கணக்குல ரிவ்யூ வெச்சிருக்கீங்களே, அந்த அக்கா சொன்ன அந்த ஒரு வரி என் கண்ணுல பட்டதுல எதுலயும் இல்ல.

ரிவ்யூ எழுதுறவங்களைத் திட்டி பிரயோஜனம் இல்லைங்க. ஐப்பசில போனவருக்கு அருவி நிஜமாவே கொட்டியிருக்கும், இருவது வயசுப் பையனுக்கு ஆயிரம் படி "கொஞ்சம்"தான். அவங்க பொய் சொல்லல. மாசத்தை மறைச்சுக் காட்டுறது நீங்க.

இதுல இன்னொரு கூத்தும் நடந்துச்சு. வீட்டுக்கு வந்த கையோட அந்தக் காஞ்ச பாறையைப் போட்டோவோட போட்டு, எத்தனை படி, வயசானவங்களை இறக்காதீங்கன்னு விவரமா எழுதினேன். இப்ப இந்த ஐப்பசில எங்க சித்தி பொண்ணு, மழை நல்லா பேஞ்ச நேரம், வீட்டுக்காரரோட கிளம்பி இருந்தவ, என் போட்டோவைப் பாத்துட்டு "அங்க தண்ணியே இல்லையாமே"ன்னு பயணத்தை கேன்சல் பண்ணிட்டா! அது நான் போட்டதுன்னே அவளுக்குத் தெரியாது. அப்ப நிஜமா எடுத்த போட்டோவும் பொய்யா ஆகுதுங்க, மாசம் இல்லாததால. இதை உங்களுக்கு எழுதிப் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதில் வந்துச்சு, எழுதின மறு நிமிஷமே. மனுஷன் படிச்சு அனுப்பினதா இருக்காதுன்னு தெரியும், அதான் இப்படி எல்லாரும் பாக்கற மாதிரி எழுதுறேன்.

இது ஒரு கொல்லிமலைக் கதை மட்டும் இல்ல. குத்தாலத்துல சீசன் ஆனி ஆடில, அந்தப் போட்டோவைப் பாத்துட்டு பங்குனில போய் நிக்கறவங்க இருக்காங்க. வேடந்தாங்கல்ல பறவை கூட்டமா இருக்கறது நவம்பருக்கு அப்புறம், மே மாசம் போனா காஞ்ச ஏரியைப் பாக்கலாம். மூணாறுக்கு நீலக்குறிஞ்சி போட்டோ வருதே, அது 2018-ல பூத்தது, பன்னெண்டு வருஷக் கணக்குக்கு இனி 2030-லதான். அதுக்குக் கீழ "சில வருஷம் முன்பு" மாதிரி எதையாவது போட்டு வெச்சா பாக்கறவன் அடுத்த வாரமே டிக்கெட் போடுவானா மாட்டானா? தனுஷ்கோடிக்கு மணல்ல வேன்லதான் போகணும்னு இன்னும் பழைய ரிவ்யூ கிடக்கு, 2017-லயே அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தாச்சு. ராமேஸ்வரத்துக்கு ரயில் மண்டபம் ஸ்டேஷன் வரைக்கும்தான்னு 2023-ல எழுதினது அன்னைக்கு சரி, 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் திறந்தப்புறம் அது தப்பு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் கேக்கறாங்க, அதுக்கு முந்தின ரிவ்யூவைப் படிச்சுட்டுப் போறவன் செக்போஸ்ட்ல நின்னு போனைத் தட்டிட்டு இருப்பான்.

டெக்னிக்கலா கஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க. போன்ல போட்டோ எடுத்தாலே தேதியும் நேரமும் அந்த ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிரும், வாட்ஸ்அப்ல வந்த படத்தைத் திருப்பிப் போடறது மாதிரி சில சமயம்தான் அது இருக்காது. அப்படி இல்லாததுக்கு "தேதி தெரியாது"ன்னு போடுங்க, அதுவே ஒரு தகவல். பிரைவசின்னு சொல்வீங்க. நான் நேரம் கேக்கல, வீட்டு அட்ரஸ் கேக்கல, மாசமும் வருஷமும்தான். நான் எந்தக் கடை வாசல்ல எத்தனை நிமிஷம் நின்னேன்னு குறிச்சு வெச்சு விளம்பரம் அனுப்புறவங்களுக்கு என் பிரைவசி மேல திடீர்னு இவ்ளோ அக்கறை வர வேண்டாம்.

அக்கறைன்னதும் ஞாபகம் வருது. போற வழியில சாப்பிட்ட ஓட்டல்ல பில்லோட ஒரு கியூஆர் அட்டையும் வருது, அஞ்சு ஸ்டார் போட்டா குலாப் ஜாமூன் இலவசமாம், பரிமாறுன தம்பி நம்ம போட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறாரு, பாவம் அவருக்கும் கணக்கு இருக்கும்போல. ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பர்ல ஐஎஸ் 19000-ன்னு ஒரு தரம் கொண்டுவந்தது, விருப்பப்பட்டவங்க பின்பத்தலாமாம். விருப்பப்பட்டவங்க! ஜாமூனுக்கு ஸ்டாரை விக்கற இடத்துல அதைப் பின்பத்த யாருக்குங்க விருப்பம் வரும்.

சரி, பேச்சு எங்கயோ போயிருச்சு, மன்னிச்சுக்கங்க. ஜாமூனை அப்புறம் பாத்துக்கலாம். போட்டோவுக்குக் கீழ எடுத்த மாசமும் வருஷமும், ரிவ்யூவுக்கு மேல போயிட்டு வந்த மாசமும் வர்ற மாதிரி தயவுசெய்து பண்ணிக் குடுங்க. முடிஞ்சா மே மாசம் போறவங்க மே மாசத்துப் போட்டோவை மட்டும் பிரிச்சுப் பாக்கற வசதியும் வேணும். எப்ப செய்வீங்கன்னு ஒரு மனுஷர் கையால பதில் எழுதினா நல்லது, அந்த "கருத்துக்கு நன்றி" ஏற்கெனவே என்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
உங்க ஆப்பை நம்பி லீவு போடுற ஒருத்தி,
ஈரோடு