தொட்டாச்சிணுங்கிகளுக்குப் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு ஆள் எடுக்கும் நேரம் இது. மதுரை மாசி வீதிகளில் பல ஜவுளிக்கடை வாசல்களில் ‘விற்பனைக்குப் பெண்கள் தேவை’ என்று அட்டை தொங்குகிறது. போன வருடம் அப்படி ஓர் அட்டையைப் பார்த்துத்தான் நானும் உள்ளே போனேன். இந்த வருடம் புதிதாகச் சேரும் பெண்களுக்காகக் கடை முதலாளிகளிடம் சத்தத்திலிருந்து பத்து நிமிட ஓய்வு கேட்க வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

பதினோரு வருடம் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். மகள் நர்சிங் சேர்ந்த பிறகு அந்த வருமானம் போதவில்லை. துணி தெரிந்தவள் என்பதால் கடையில் என்னை ஜாக்கெட் பிட் பிரிவில் நிறுத்தினார்கள். வேலை எனக்குப் புதிதில்லை, இடம்தான் புதிது. வீட்டில் தையல் மெஷின் சத்தம் என்னை ஒருநாளும் படுத்தியதில்லை. என் கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். கடையில் எதையும் அப்படி நிறுத்த முடியாது. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே விளம்பரப் பாட்டு, அதற்கு மேல் மைக்கில் ஆளைக் கூப்பிடும் குரல், பக்கத்தில் குழந்தைகள் பிரிவில் வேறொரு பாட்டு. கண்ணாடியிலும் ஜரிகையிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். புதுத்துணி வாடைக்கு மேல் அடிக்கும் ஸ்பிரே. என்னோடு சேர்ந்தவர்களுக்கு இரண்டு நாளில் எல்லாம் பழகிவிட்டது. எனக்கோ நாளாக நாளாகக் கூடியது. வீட்டுக்கு வந்தால் குக்கர் விசில்கூடத் தாங்காமல் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்குத் ‘தொட்டாச்சிணுங்கி’ என்று பேர். அடுத்தவரைத் திட்டினாலும் என் வயிற்றைப் பிசையும். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் நாள், பக்கத்துக் கவுன்ட்டர்ப் பெண்ணை சூப்பர்வைசர் வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போட்டார். அவள் பேசாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது எனக்கு. 80 சென்டிமீட்டர் வெட்ட வேண்டிய பட்டுத்துணியை 60-ல் வெட்டிவிட்டேன். அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதுகூட ஆறிவிட்டது. இத்தனை வருடம் துணி வெட்டிய கை இப்படிப் பண்ணிவிட்டதே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தபோது, சேலைப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்து, “ஏத்தா, மொகமே சரியில்லையே. மேல ஸ்டாக் ரூமுல போயி செத்த நேரம் இருந்துட்டு வா. ஒன் கவுன்ட்டர நான் பாத்துக்கிறேன்” என்றார்.

ஏறிப் போய்க் கதவைச் சாத்தினேன். பாட்டு அறுந்து விழுந்தது. நாலு சுவரிலும் கூரை முட்ட அடுக்கிய துணிக்கட்டுகள். அவ்வளவு துணியும் சத்தத்தைக் குடித்துவிடுகிறது. மங்கலாக ஒரே ஒரு பல்பு. காடாத்துணி சுற்றிய கட்டு ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். சாயம் ஏறாத அந்தச் சொரசொரப்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டது. பத்து நிமிடம் இருந்திருப்பேன். கீழே வந்து வெட்டிய முதல் துணி நூல் பிசகவில்லை.

அன்றிலிருந்து தினமும் இரண்டு தடவை, கூட்டம் தணியும் நேரம் பார்த்து மேலே போய் வந்தேன். காலையில் பாட்டு போடுவதற்கு முன்பே போய், எந்த ரேக்கில் எந்த நிறம் என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். மதியம் டிவி ஓடும் சாப்பாட்டு அறையில் உட்காராமல் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ‘ராங்கிக்காரி’ என்று பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் மாதம் முதல் வேலை என் கைக்குள் வந்தது.

என்னைப் போல எதையும் கூடுதலாக உணர்கிறவர்களுக்கு ‘ஹைலி சென்சிட்டிவ் பர்சன்’ என்று பேர் இருக்கிறது என்று மகள்தான் சொன்னாள். எலைன் ஆரோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். நூற்றில் பதினைந்து இருபது பேர் இப்படிப் பிறக்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. “இது வியாதி இல்லம்மா, சுபாவம்” என்றாள். நாற்பது வயதில் அதைக் கேட்டபோது அழுதுவிட்டேன். அரக்கிலேயே நாலு சாயல் எனக்குத் தெரியும். ட்யூப்லைட்டில் பொருந்துகிற பிட் வெயிலில் பொருந்தாது என்று வாடிக்கையாளரை வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டுவேன். என்னைத் தேடி வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். மைக் சத்தத்தில் துடித்துப் போகும் அதே உடம்புதான் இந்தச் சாயலையும் பிரித்துப் பார்க்கிறது.

கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே கிடந்த காலம் ஒன்று உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறைக்கும் இருக்கைக்கும் போராடினார்கள். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தர வேண்டும் என்றார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, கூட்டம் இல்லாதபோது உட்காருகிறோம். காலுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்கள் காதுக்கும் கண்ணுக்கும் அதே ஓய்வு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளக் கூடாதா? வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மகள் ஒருநாள் எங்கள் கடைக்குள் நின்று செல்போனில் அளந்தாள். 80-க்குக் கீழே இறங்கவே இல்லை. செல்போன் அளவு முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் பத்து மணி நேரம் அதற்குள்தான் நிற்கிறோம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதமாவது, காலையில் பத்து நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும் சத்தம் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வர அனுமதி கொடுங்கள். இடம் எல்லாக் கடையிலும் இருக்கிறது, ஸ்டாக் ரூம் இல்லாத ஜவுளிக்கடை ஏது? பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். மைக் சத்தம் வரும்போதெல்லாம் அவள் தோள் காதுவரை ஏறி இறங்குவதை என் கவுன்ட்டரிலிருந்து பார்க்கிறேன். அவளை மேலே அனுப்பலாம் என்றால், திருட்டுப் பயம் என்று சொல்லி இந்த வருடம் ஸ்டாக் ரூமுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கிறது. நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பரங்குன்றம், மதுரை.