கழற்றினால் திரும்ப மாட்ட முடியணும்

டிராய், மிச்சிகன்
செப்டம்பர், ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது, படங்களும் வந்தன. உங்க பெரியப்பா தோப்பில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கடைசியில் உன் கைக்கே வந்துவிட்டதா! ரொம்ப சந்தோஷம். மெட்ராஸில் செய்த கார் அது. எடைக்குப் போகாமல் இத்தனை வருஷம் தப்பியதே பெரிய விஷயம். அதற்குள் பட்டறைக்காரர் "பழைய எஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு மாருதி எஞ்சின் வைத்துவிடலாம்" என்று சொல்ல, நீ குழம்பிப்போய் என்னிடம் கேட்டிருக்கிறாய். நேரடியாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் வண்டியில் எதை மாற்றினேன், எதை விட்டேன் என்று சொல்கிறேன், அதிலிருந்து நீயே முடிவு பண்ணிக்கொள்.

முதலில் ஒரு திருத்தம். ஒவ்வொரு கடிதத்திலும் "உன் மஸ்டாங்" என்றே எழுதுகிறாய். இது மஸ்டாங் இல்லடா, 1970 பிளிமத் டஸ்டர். வேலியன்ட் என்று ஒரு சாதுவான குடும்பக் கார் இருந்தது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே அதே 108 அங்குலம், அதே முன்பக்கம், பின்னால் மட்டும் சரிவான கூரையை வைத்து இளவட்டங்களுக்கு விற்றார்கள். முதல் வருஷமே இரண்டு லட்சத்துக்கு மேல் போனது. உங்க தாத்தா ஓட்டிய பார்கோ லாரிகூட இதே கிரைஸ்லர் குடும்பம்தான், நாம் ஒன்றும் அந்நியர் இல்லை.

அந்த டஸ்டர்களில் 340 கன அங்குல வி-8 போட்டவைதான் நிஜமான மஸல் கார், அதாவது வேகத்துக்கென்றே பெரிய எஞ்சின் போட்ட வண்டி. என்னுடையது 318. பட்டறை பாஷையில் சொன்னால் ரெகுலர் மாடல். இதை யாரும் மறைக்கவும் முடியாது. டேஷ்போர்டில், முன் கண்ணாடி வழியே தெரிகிற வண்டி அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்து ஜி என்றால் 318, எச் என்றால் 340. அடுத்த சைபர் 1970-ஐக் குறிக்கும், அதற்கடுத்த பி ஹாம்ட்ராமிக் ஆலையை. என் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். 1980-இல் அதை மூடி, இடித்துத் தள்ளி, அந்த நிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை வந்தது. இப்போது அங்கே மின்சார வண்டி செய்கிறார்கள். பிறந்த இடத்தைக் காட்டலாமென்று ஒருநாள் டஸ்டரை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். காவலாளி வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அது பழைய இரும்பை என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஓட்டுநர் கால் வைக்கிற இடத்தில் கராஜ் சிமெண்ட் தெரிந்தது. ஆனால் நோய் அங்கே இல்லை. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வருவதற்கு ஒரு அறை இருக்கிறதே, அதில் பல வருஷத்து இலை தழை மக்கி, ஈரம் தேங்கி, அடியில் ஓட்டை. மழைத் தண்ணீர் அது வழியாக இறங்கித்தான் தரை போயிருக்கிறது. தரையை மட்டும் மாற்றியிருந்தால் நாலு மழையில் திரும்ப அதே கதை.

அடுத்த சங்கதி, இதற்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். தரையை வெட்டி எடுத்தால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. அதனால் வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்ற வைத்தேன். கதவு இடுக்கு எவ்வளவு என்று மேலே, நடுவில், கீழே அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கதவிலேயே ஒட்டினேன். தபாலில் வரவழைத்த தகடு பழைய வளைவோடு சேரவில்லை. நம்ம ஊர் டிங்கர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சுத்தியலை வைத்து அரை மணியில் முடித்திருப்பார். எனக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போனது. வெல்டிங்கும் கோடாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு, ஆறவிட்டு இடையில் இன்னொன்று. பொறுமையில்லாமல் சூடேற்றினால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும்.

வெல்டிங் விஷயத்தில் அப்போதே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். துரு தின்றதைத் திருப்பி வைக்க மட்டும்தான் வெட்டுவது, பற்றவைப்பது. புதுசாக எதைச் சேர்த்தாலும் போல்ட்டில்தான் சேர வேண்டும். நாளைக்கு வேறொருவன் வாங்கினால், ஸ்பானர் மட்டும் வைத்துக்கொண்டு 1970-க்குத் திரும்பிவிட முடிய வேண்டும். என் மாற்றங்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான்.

எஞ்சினையே எடுத்துக்கொள். இங்கே எல்லாரும் சொல்வது புது ஹெமி 5.7 லிட்டர் வை என்று. அதைத் திணிக்க இந்தச் சின்ன உடம்பில் நிறைய அறுக்கணும், வேண்டாம் என்றுவிட்டேன். காயலாங்கடையில் ஒரு டாட்ஜ் பிக்கப்பிலிருந்து 5.9 லிட்டர் மேக்னம் எடுத்தேன். 318-க்குப் பிற்காலத்துப் பங்காளி அது. சின்னச் சின்ன மாற்றங்களோடு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனிக்கணும். 318-இன் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு, தன்னிலேயே பேலன்ஸ் ஆனது. 5.9-க்கு வெளியே எடை வேண்டும். எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கிற பழைய தட்டையே (ஃபிளெக்ஸ் பிளேட்) மாட்டி ஓட்டினால் வண்டி மொத்தமும் உதறும். அதற்கென்று எடை வைத்த தட்டு கிடைக்கிறது, அதைத்தான் போட்டேன். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து தெளிக்கிற த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார், டாங்குக்குள் பம்ப். பழைய 318-ஐ எண்ணெய் பூசி, பாலித்தீன் சுற்றிக் கராஜ் மூலையில் வைத்திருக்கிறேன். உன் தங்கச்சி அதன் மேல் செடித்தொட்டி வைத்திருக்கிறாள்.

குதிரைத்திறன் கணக்கைக் கேட்டால் சிரிப்பாய். 1970 விளம்பரத்தில் என் 318-க்கு 230 என்று போட்டான். 1972-இல் அதே 318-க்கு 150! எஞ்சின் ஒன்றும் அப்படிச் செத்துப்போய்விடவில்லை. அதுவரை ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்ஸர் எதையும் மாட்டாமல் வெறும் எஞ்சினை ஓட்டி அளந்ததை, அந்த வருஷத்திலிருந்து எல்லாம் மாட்டி அளந்தார்கள். அதனால் பிக்கப் எஞ்சினின் 245-ஐப் பழைய 340-இன் 275-க்குப் பக்கத்தில் வைத்து, இது குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கியர்பாக்ஸ் பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்தான். ஓவர்டிரைவ் உள்ள நாலு கியர் வைத்தால் ஹைவேயில் எஞ்சின் இப்படிக் கத்தாது, பெட்ரோலும் மிச்சம். ஆனால் அதற்குத் தரை நடுவில் கியர்பாக்ஸுக்காக மேடாக இருக்கிற சுரங்கத்தை வெட்டணும். வெட்டுவதில்லை என்ற பிறகு காது கேட்கும்வரை கேட்கட்டும்.

பிரேக்கில் மட்டும் நான் யோசிக்கவே இல்லை. நாலு சக்கரத்திலும் டிரம். ஒருமுறை அழுத்தினால் நிற்கும், மறுமுறை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். 1973-க்கு அப்புறம் வந்த இதே வகை வண்டியின் முன் டிஸ்க் அப்படியே போல்ட்டில் ஏறும். ஆனால் அதன் வீல் போல்ட் வட்டம் நாலரை அங்குலம், பின்னால் பழையது நாலு அங்குலம். முன்னே ஒரு வீல், பின்னே ஒரு வீல், ஸ்டெப்னி இரண்டு என்று யார் அலைவது? பின் ஆக்சிலையும் மாற்றினேன். இதில் ஒரு வேடிக்கை போய்விட்டது. அந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்க வீல் நட்டுகள் இடது மரை. சக்கரம் சுற்றுகிற வேகத்தில் நட்டு கழன்றுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பழைய டிரம்மின் போல்ட் முனையில் எல் என்று குத்தியிருக்கும். விவரம் தெரியாத டயர் கடைப் பையன் வழக்கமான பக்கம் தம் கட்டித் திருகுவான், போல்ட் முறிந்து கையோடு வரும். அந்தப் பழைய டிரம்களையும் 318-க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

எனக்குப் பயம் காட்டியது ஒயரிங். அந்தக் கால அமைப்பில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகிற கரண்ட் முழுக்க எஞ்சின் தடுப்புச் சுவரில் உள்ள பிளக் வழியாக டேஷ்போர்டுக்குள் வந்து, கரண்ட்டை அளந்து காட்டுகிற அம்மீட்டருக்குள் புகுந்து, அதே பிளக் வழியாகத் திரும்பப் போகும். ஒரு ரேடியோ, நாலு லைட் இருந்த காலத்துக்கு அது போதும். பின்னாடி வாங்கியவர்கள் ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு என்று ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பிளக்கைப் பிரித்தபோது ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாக உருகி, பின்னோடு ஒட்டிக் கிடந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் கரியாக உதிர்ந்தது. அது அப்போதே ஏன் பற்றிக்கொள்ளவில்லை என்பது அந்த வேல் முருகனுக்குத்தான் வெளிச்சம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு தடித்த கேபிள், நடுவில் ஃபியூஸ். ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே. அம்மீட்டரின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வோல்ட்மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

சீட் பெல்ட் உன் தங்கச்சியின் நிபந்தனை. மடிக்கு ஒன்று, தோளுக்குக் கூரையில் சொருகி வைக்கிற இன்னொன்று என்று தனித்தனி பெல்ட்டெல்லாம் எனக்கு வேண்டாம், இப்போதைய பெல்ட் போடாமல் ஏறமாட்டேன் என்றாள். தோள் பெல்ட்டுக்கான மரை கூரையோரம் ஏற்கனவே இருந்தது, வேலை சுலபமாயிற்று.

ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பவர் கிடையாது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐந்து சுற்றுக்கும் மேல். பார்க்கிங்கில் தோள் கழன்றுவிடும். ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். இதையும் மாற்றிவிட்டால் அப்புறம் ஆபீசுக்கு ஓட்டுகிற காருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு ட்ரீம் க்ரூஸ். 1995-இலிருந்து நடக்கிறது. ஃபெர்ன்டேலிலிருந்து பாண்டியாக் வரைக்கும் பழைய வண்டிகள் ஊர்ந்து போகும். அறுபதுகளில் அதே ரோட்டில்தான் ராத்திரி ரேஸ் விடுவார்களாம். இந்த மாநிலத்தில் பழைய வண்டிக்கான விசேஷ நம்பர் பிளேட் எடுத்தால் கண்காட்சி, ஊர்வலம் மாதிரி விஷயங்கள் தவிர வேறெதற்கும் ஓட்டக் கூடாது. ஆகஸ்டில் மட்டும் கடைக்குக்கூடப் போகலாம்! நான் அந்த மாதம் பால் வாங்கக்கூட டஸ்டரில்தான் போனேன். க்ரூஸில் ஒரு பெரியவர் வந்து "340-ஆ?" என்றார். இல்லை, பிக்கப் எஞ்சின் என்று பானெட்டைத் திறந்து காட்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டு, "ஸ்டிக்கர் ஒட்டாமல் இருக்கிறாயே, அதுவரை பரவாயில்லை" என்றார். 340 ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அது பிடிக்காது. வண்ணமும் பழையதேதான், மங்கல் பச்சை. அந்த வருஷம் பிளிமத்தில் கத்தரிப்பூ நிறம் உண்டு, "வைட்டமின் சி" என்று பெயர் வைத்த ஆரஞ்சும் உண்டு. மகள் அந்த ஆரஞ்சுக்காக இன்னும் சண்டை போடுகிறாள்.

இப்போது உன் ஹெரால்டு. என்னை விட நீ அதிர்ஷ்டசாலி, உனக்குத் தனி சேசிஸ் இருக்கிறது. பாடியைக் கழற்றி வைத்துவிட்டே வேலை பார்க்கலாம். பானெட் மட்கார்டோடு முன்னால் சாய்ந்து திறக்கும், சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பிரிக்கலாம். 948 சிசி, அவ்வளவுதான், நீயே வீட்டில் செய்துவிடுவாய். மாருதி எஞ்சின் வேண்டவே வேண்டாம். எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்கணும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியும் 50 வருஷத்தைத் தாண்டி, எஞ்சின், சேசிஸ், பாடி எதிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைத்தான் விண்டேஜ் என்கிறது. அந்தத் தகுதியைக் கையிலிருந்தே தூக்கிப் போடுவானேன்? இன்னொன்று, ஹெரால்டின் பின் ஆக்சில் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உள்பக்கமாக மடங்குகிற ஜாதி. அதற்கு முன்னால் சக்தி கூடின எஞ்சினை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

காசு இருந்தால் பிரேக்கில் போடு. இங்கிலாந்துக்காரர்கள் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க்கை ஹெரால்டில் மாட்டுகிறார்கள், முன் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் ஒரே குடும்பம். ஒயரிங்கைப் புதுசாக இழு. பெல்ட் போடு.

அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? போன தடவை பேசும்போது ஆயுர்வேதம் பார்ப்பதாகச் சொன்னார்கள். பையன் ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று அழுதானே, பழகிவிட்டானா? நாங்கள் பொங்கலுக்கு வரப் பார்க்கிறோம், டிக்கெட் இன்னும் போடவில்லை.

அதற்குள் ஹெரால்டைத் தூக்கி நிறுத்தி, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, படம் எடுத்து அனுப்பு. துரு பிடித்தால் முதலில் அங்கேதான் பிடிக்கும். அதைப் பார்க்கும் வரை பட்டறையில் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துத் தொலைக்காதே.

உன்,
சிவா